பித்தளை உருளி முதல் மஞ்சள் தூள் வரை: ஈயச் சோதனை பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆச்சி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை உருளியும் வெண்கலப் பானையும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இணையத்தில் வாங்கிய ஈயச் சோதனைக் குச்சியால் இரண்டையும் தேய்த்துப் பார்த்தேன்; நிறம் மாறவில்லை. இனிப் பயமில்லாமல் அவற்றில் புளிக்குழம்பு வைக்கலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வைக்க வேண்டாம், அம்மா. குச்சியின் நிறம் மாறியிருந்தால் ஈயம் இருக்கிறது என்று ஏறக்குறைய நம்பலாம். மாறவில்லை என்பதை வைத்துக்கொண்டு இல்லை என்று நம்ப முடியாது. கடைகளில் கிடைக்கும் குச்சிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ரோடிசோனேட் என்ற வேதிப்பொருள் கொண்டவை ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறும். சல்பைடு வகை கருக்கும். செம்பு பட்டாலும் சல்பைடு கருக்கும் என்பதால் பித்தளைக்கு அந்த வகையால் பயனே இல்லை. ரோடிசோனேட் குச்சியோ மரம், சுவர், இரும்பு ஆகியவற்றின் மேலுள்ள வண்ணப்பூச்சைச் சோதிப்பதற்காக வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சில குச்சிகளுக்கு அங்கீகாரம் கொடுத்ததும் வண்ணப்பூச்சுக்கு மட்டும்தான். அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2007இல் வீட்டுச் சோதனைக் குச்சிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட சோதனைகளில் ஈயம் இருந்தும் இல்லை என்றே முடிவு வந்தது.

கடைசலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பித்தளையில் இரண்டு, மூன்று சதவீதம் ஈயம் சேர்ப்பது தொழிலில் வழக்கமானது. அந்த ஈயம் செம்போடும் துத்தநாகத்தோடும் கரைந்து ஒன்றாவதில்லை. மிக நுண்ணிய துளிகளாக உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும். ஈரக் குச்சியால் அரை நிமிடம் தேய்த்தால் தட்டுப்படாதது, கொதிக்கும் புளித்தண்ணீரில் சிறிது சிறிதாக வெளியே வரும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது (வெள்ளீயம் என்பது டின்; நாம் சோதிக்கும் நச்சு ஈயம் காரீயம்); ஓசை தரும் நல்ல வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வெள்ளீயத்தின் விலை மிக அதிகம் என்பதால் அந்த இடத்தில் காரீயத்தைக் கலந்துவிடும் ஆசைக்குப் பஞ்சமில்லை.

உண்மையில் தெரிய வேண்டியது பாத்திரத்தில் எவ்வளவு ஈயம் உள்ளது என்பதைவிட, அதிலிருந்து உணவுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே. முதற்கேள்விக்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி சில நொடிகளில் விடை சொல்லும். நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்று பார்க்கும் காரட் மீட்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது; ஆனால் அது தங்கம், வெள்ளி, செம்பு போன்றவற்றுக்காகச் சீரமைக்கப்பட்டது, ஆகவே தெரிந்த நகைக்கடைக்காரர் அன்போடு பார்த்துச் சொன்னாலும் அதை முடிவாகக் கொள்ளலாகாது. இரண்டாவது கேள்விக்குக் கசிவுச் சோதனை உண்டு. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் வகுத்த முறைப்படி, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்த நீரில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் கருவியில் அளப்பார்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்கும்போது, ‘மொத்த ஈயமா, கசியும் ஈயமா’ என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அப்படிச் சொல்லாமல் வாங்கிய அறிக்கை உங்கள் கேள்விக்கு விடை தராமலே போகக்கூடும்.

என்னைக் கேட்டால், ஒரே ஓர் உருளிக்காக அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை. முறையாக வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் உணவுக்குத் தகுதியற்றது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் ஆகிய எதையும் அதில் வைக்காதீர்கள். சமைத்ததை அதிலேயே இரவு முழுவதும் விடாதீர்கள். வெண்கலப் பானையில் என்றைக்காவது பொங்கல் வைப்பதற்கு நான் தடை சொல்லப் போவதில்லை. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அன்றாடச் சமையலுக்கு எவர்சில்வர் போதும்.

கேள்வி: தெருவில் வரும் ஈயம் பூசுகிறவர் வெள்ளீயம்தான் பூசுகிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பூசிய பிறகு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பூசுவதற்கு முன் அவர் கையிலுள்ள குச்சியை வாங்கிப் பாருங்கள். தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்தால் உள்ளே நொறுங்குவது போன்ற மெல்லிய ‘கரகர’ ஓசை கேட்கும்; உலோகத்தின் படிகங்கள் வளையும்போது எழுவது அது. காரீயம் ஓசையின்றி வளையும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் நிறக் கோடு விடும், கையில் எடுத்தால் கனமும் கூடுதலாகத் தெரியும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. ஆனால் நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்த குச்சியை இந்த வித்தைகளால் பிடிப்பது கடினம். மின்பொருள் பற்றவைக்கும் சால்டர் கம்பியில் ஈயம் கலந்த வகை 183 டிகிரியிலேயே உருகிவிடும், தூய வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். வேலை எளிதாகிறது என்பதாலும் விலை மலிவு என்பதாலும் சிலர் கலப்பை விரும்புகிறார்கள். வெள்ளீயத்தை நீங்களே ரசீதுடன் வாங்கிக் கொடுத்து, நவச்சாரமும் பஞ்சும் அவருடையதாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுவதே நல்லது. ரசத்துக்கு வைத்திருக்கும் ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது முழுவதும் வெள்ளீயமாக இருக்க வேண்டிய பாத்திரம்.

கேள்வி: இண்டாலியம் சட்டியிலும் ஈயம் இருக்குமா?
– வாசகி, பேட்டை

பதில்: இருக்கக்கூடும். பழைய இயந்திர உதிரிகளையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும்போது ஈயம் உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட எச்சரிக்கையில், அலுமினியம், பித்தளை ஆகியவற்றோடு இண்டாலியம், ஹிண்டாலியம் என்று விற்கப்படும் சில இறக்குமதிப் பாத்திரங்களும் இடம்பெற்றன. எடைக்குப் போடும் முத்திரையற்ற வார்ப்புச் சட்டியைத் தவிர்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். உட்புறம் குழி விழுந்த பழைய சட்டியைச் சோதிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

கேள்வி: பட்டாசலில் உள்ள ஊஞ்சல் பலகைக்கு 2009இல் மஞ்சள் எனாமல் அடித்தோம். ஒன்றரை வயதுப் பேரன் அதன் விளிம்பைக் கடிக்கிறான். அவனுக்கு வாங்கிய மரச் சொப்புச் சாமான்களையும் வாயில் வைக்கிறான். எதை முதலில் சோதிக்க வேண்டும்?
– ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

பதில்: ஊஞ்சலை, ஐயா, அதற்கும் முன்பாகப் பேரனை; அவனுக்கான ரத்தச் சோதனையைக் கீழே உவரி வாசகிக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பூச்சு அதற்கு முந்தியது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் நிறமி பெரிதும் பயன்பட்டு வந்தது. குச்சிச் சோதனை ஓரளவாவது பொருந்தும் இடம் இதுதான். மேற்பூச்சு மட்டும் தொட்டால் போதாது. பலகையின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், மரம் தெரியும்வரை பிளேடால் சாய்வாகக் கீறி, எல்லா அடுக்குகளும் குச்சியில் படுமாறு தேய்க்க வேண்டும். சிவந்தால் ஈயம் உண்டு என்றே கொள்ளலாம். சிவக்கவில்லை என்றால் அந்தச் சீவலை ஒரு காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இடைக்காலத்தில் அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கடித்து விழுங்கும் சில துணுக்குகளைவிட, உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது கிளம்பும் தூசி வீடு முழுவதும் பரவி, தவழும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குச் சேர்வது பெருங்கேடு. பலகையைக் கழற்றி மச்சில் ஏற்றிவிட்டு, தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சொப்புச் சாமான் பற்றி: உங்கள் பக்கத்துக் கடைசல் பட்டறைகளில் அரக்கோடு நிறமி சேர்த்து, மரம் சுழலும்போதே பூச்சை ஏற்றுவார்கள். அரக்கால் தீங்கில்லை, கேட்க வேண்டியது அதில் சேர்த்த நிறமி எது என்பதை. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாயினும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லாதது குற்றமாகாது, உத்தரவாதமும் ஆகாது. ஈரத்துணியில் நிறம் ஒட்டினால் அதில் ஈயம் உள்ளது என்று பொருளில்லை. ஆனாலும் அந்தச் சாமானைப் பேரன் கையிலிருந்து வாங்கி எடுத்து வைத்துவிடுங்கள். பூச்சில்லாத மரத்தில் செய்த நடைவண்டியோ, காருகுறிச்சியில் சூளையிட்ட, மெருகு ஏற்றாத மண்சட்டிச் சொப்போ எனக்கு அதைவிடப் பிடித்தவை.

கேள்வி: மஞ்சள் தூளில் ஈயம் கலப்பதாகச் சொல்கிறார்கள். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரியுமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: விரலி மஞ்சளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இட்டவுடன் மஞ்சள் நிறம் இறங்கினால் மேலே சாயம் பூசியிருப்பதாக ஐயப்படலாம், அரைத்த தூளில் அந்தச் சோதனை செல்லாது. மஞ்சளில் ஈயத்துக்கு நம் சட்ட வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. அதை அளக்கக் கருவிதான் வேண்டும். பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொருளை வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதனைக்குக் கொடுக்கப்போவதைத் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் கடைக்காரர் வேறு மூட்டையை அவிழ்த்தால், அதுவும் ஒரு சோதனை முடிவுதான்.

கேள்வி: என் கணவர் வலைக்கான ஈயக்குண்டுகளை வீட்டு முற்றத்தில் உருக்கி வார்க்கிறார். பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் வருமா?
– வாசகி, உவரி

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்களுடையது, சகோதரி. பித்தளையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஈயத்தைப் பற்றி மேலே இவ்வளவு பேசினோம். உங்கள் முற்றத்தில் இருப்பது முழு ஈயம். 327 டிகிரியில் உருகிவிடுவதால் சாதாரண அடுப்பே போதுமானதாகிறது. மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடை வழித்துக் கொட்டுகிறோமே, அந்த ஆக்சைடு தூள்தான் காற்றிலும் மண்ணிலும் கைலியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும். சிறு பிள்ளைகளுக்கு அது பாதியளவுக்குப் போகலாம்.

இங்கே எந்தப் பொருளையும் சோதிக்க வேண்டாம். பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதியுங்கள். குழந்தை மருத்துவரின் சீட்டோடு, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மூலத்தைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி. 45ஐத் தொட்டால் மருத்துவமனையில் மருந்து தேவைப்படும். இடையிலுள்ள அளவுக்கு மூலத்தை நீக்குவதும், இரும்புச் சத்துக் குறைவைச் சரிசெய்வதும், சில மாதங்களுக்குள் மறுபடி சோதிப்பதுமே வைத்தியம். ‘ஈயத்தை முறிக்கும்’ மருந்து என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உருக்கும் வேலை இன்றோடு வீட்டைவிட்டுப் போகட்டும். வார்த்த குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. உருக்கிய சட்டி அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. அவருடைய கைலியைத் தனியாகத் துவையுங்கள். முற்றத்து மேல்மண்ணை நனைத்து அள்ளி அப்புறப்படுத்தி, புது மண்ணோ சிமெண்டோ போடச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுப் பித்தளைக் குழாயில் வரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: காய்ச்சினால் ஈயம் போகாது, நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது. சோதனைக்குக் கொடுப்பதானால் இரண்டு பாட்டில் பிடியுங்கள்: காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீர் ஒன்று, இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்தது மற்றொன்று. கடினத்தன்மை, குளோரைடு பார்க்கும் வழக்கமான சோதனையில் ஈயம் வராது என்பதால் கன உலோகங்கள் என்று எழுதிக் கொடுங்கள். முதல் பாட்டிலில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தால் குற்றம் குழாயுடையது. அதை மாற்றும் வரை முதலில் வரும் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.