0.0821-ஆ, 8.314-ஆ? விடை எங்கே நழுவுகிறது?

கேள்வி: 0.24 கிராம் மெக்னீசியம், மிகையான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுவதும் கரைகிறது. 27 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் கிடைக்கும்? எனக்கு 24.94 லிட்டர் வருகிறது. என் தோழிக்கு 224 மில்லிலிட்டர். விடைப் பட்டியலில் 246 மில்லிலிட்டர் என்று இருக்கிறது. வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) வரும் வாயு மாறிலியான ஆர் (R) மதிப்பை எப்போது 0.0821 என்று எடுப்பது, எப்போது 8.314 என்று எடுப்பது?

பதில்: விடைப் பட்டியல் சரி. உங்கள் மோல் கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும். 0.24 கிராமை, ஒரு மோல் மெக்னீசியத்தின் நிறையான 24-ஆல் வகுத்தால் 0.01 மோல், ஓர் அணு மெக்னீசியத்துக்கு ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் என்பதால் அதிலிருந்து அதே 0.01 மோல் ஹைட்ரஜன். அதற்கு அடுத்த வரியில்தான் சறுக்கியிருக்கிறீர்கள்.

உங்கள் 24.94-ஐ, சரியான விடையான 0.246 லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 101 சொச்சம் வரும். 1 வளிமண்டல அழுத்தம் என்பது 101.325 கிலோபாஸ்கல். ஆர் = 8.314 என்பது, அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் கனஅளவை லிட்டரிலும் போடும்போது வரும் மதிப்பு. நீங்கள் அழுத்தம் என்ற இடத்தில் வெறும் 1 போட்டீர்கள். சமன்பாடு அதை 1 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டு, அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வாயு எவ்வளவு இடம் பிடிக்குமோ அதைச் சொல்லிவிட்டது. நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவு உலோகத்திலிருந்து ஒரு பெரிய வாளி கொள்ளாத வாயு எப்படி வரும் என்று அந்த இடத்தில் உங்களுக்கே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆகவே ஆர் எது என்று முதலில் யோசிக்காதீர்கள். கேள்வியில் அழுத்தம் எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். வளிமண்டலம் என்றால் 0.0821. கிலோபாஸ்கல் என்றால் 8.314. பாதரச மில்லிமீட்டர் என்றால் 760-ஆல் வகுத்து வளிமண்டலமாக்கிவிட்டு அதே 0.0821. கனஅளவு எப்போதும் லிட்டரில், வெப்பநிலை எப்போதும் கெல்வினில். இதற்கு மேல் மனப்பாடம் வேண்டாம். ஒரு மாணவர் என்னிடம் காட்டிய லேமினேட் செய்த ‘ஷார்ட்கட்’ அட்டையில் ஆருக்கு ஆறு மதிப்புகள் இருந்தன, ஒன்றுக்குக்கூட அலகு இல்லை. காசு கொடுத்து வாங்கிய அட்டை! அலகு இல்லாத ஆர் எதற்கும் உதவாது. இதைத் தெரிந்துகொண்டே விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

உங்கள் தோழி விழுந்ததும் அதே வகைக் குழிதான். ‘ஒரு மோல் என்றால் 22.4 லிட்டர்’ என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவர் 0.01-ஐ அதனால் பெருக்கிவிட்டார். அந்த 22.4, வெப்பநிலை 0 டிகிரியாகவும் அழுத்தம் 1 வளிமண்டலமாகவும் இருக்கும்போது மட்டும்தான். உங்கள் கேள்வியில் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். இன்னொரு கூத்தும் இருக்கிறது. திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பாருக்கு (100 கிலோபாஸ்கல்) மாற்றச் சொல்லி, வேதியியலின் சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி 1982-லேயே பரிந்துரைத்துவிட்டது. அதன்படி ஒரு மோலுக்கு 22.7 லிட்டர். நாற்பது வருடம் தாண்டியும் ஒரு புத்தகத்தில் 22.4, இன்னொன்றில் 22.7. கேள்வி எடுப்பவர் ‘எஸ்டிபி’ (திட்ட வெப்பநிலை, அழுத்தம்) என்று மூன்றெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், மதிப்பெண் இழப்பது மாணவர். எஸ்டிபி என்று மட்டும் இருந்தால் உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் வரையறையைப் பின்பற்றுங்கள். வெப்பநிலையும் அழுத்தமும் கொடுத்திருந்தால் இரண்டு எண்களையும் மறந்துவிடுங்கள்.

நல்லியல்பு வாயு (இந்தச் சமன்பாட்டுக்கு அப்படியே அடங்கும் கற்பனை வாயு), உண்மை வாயு என்ற சர்ச்சையை இந்தக் கணக்குக்குள் இழுக்க வேண்டாம். சாதாரண அழுத்தத்தில் ஹைட்ரஜன் சமர்த்தாகவே நடந்துகொள்ளும்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விடமாட்டேன். ‘நீரின் மீது சேகரிக்கப்பட்ட வாயு’ என்று கேள்வியில் இருந்தால், ஜாடிக்குள் இருப்பது தனி ஹைட்ரஜன் இல்லை. நீராவியும் கூடவே இருக்கிறது. 27 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 26.7 மில்லிமீட்டர். மொத்த அழுத்தம் 760 என்றால் ஹைட்ரஜனின் பங்கு 733.3 மட்டுமே. சமன்பாட்டில் அதைத்தான் போட வேண்டும். உங்கள் கேள்வியிலேயே வாயுவை நீரின் மீது பிடித்திருந்தால் விடை 246 அல்ல, சுமார் 255 மில்லிலிட்டர்.

கழிப்பது அழுத்தத்திலிருந்து, கனஅளவிலிருந்து அல்ல. 255-இலிருந்து 26.7-ஐக் கழித்து விடை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைட்ரஜனும் நீராவியும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதில்லை, இரண்டுமே ஜாடி முழுக்கப் பரவியிருக்கின்றன. சரி, கழிக்காமலே விட்டால் என்ன ஆகும்? அதே 255 மில்லிலிட்டரை வைத்து மெக்னீசியத்தின் தூய்மையைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 0.24 கிராம் மாதிரியில் 0.248 கிராம் மெக்னீசியம் இருப்பதாக வரும். நூறு சதவீதத்துக்கும் மேல் தூய்மை! இதையும் அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டு வருகிறார்கள்.

இதை ஆய்வகத்தில் நீங்களே செய்வதானால், ஜாடியின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை ஜாடியை ஏற்றி இறக்கிய பிறகு அளவைப் படியுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம், வெளியே பாரமானி காட்டும் அழுத்தத்துக்குச் சமம். அப்புறம், கேள்வியில் ‘உலர்ந்த ஹைட்ரஜன்’ என்று கேட்டு அதன் அழுத்தத்தையும் தனியாகக் கொடுத்திருந்தால், ஆவி அழுத்தத்தை ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்று பொருள். நீங்கள் மறுபடி கழிக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் நீர் என்ற பேச்சே இல்லை. 246 மில்லிலிட்டர் என்றே எழுதுங்கள்.