ஈஸ்ட் தொற்று அடிக்கடி வருகிறது, சாப்பாட்டை மாற்றினால் நிற்குமா?

ஓரளவு உதவும், ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இதற்குப் பெரும்பாலும் காரணமான கேண்டிடா என்ற பூஞ்சை நம் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகவே இருப்பதுதான். அளவு மீறிப் பெருகும்போதுதான் அரிப்பும் எரிச்சலும் வரும். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் சிறுநீரிலும் இறங்கும். அது பூஞ்சைக்குத் தீனி. அதனால் நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பையும் குளிர்பானத்தையும் குறைப்பது நிஜமாகவே பலன் தரும். சர்க்கரை அளவு சரியாக இருப்பவர்கள் இனிப்பை அடியோடு விட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

தயிர்? தாராளமாகச் சாப்பிடுங்கள். தொற்றைத் தடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். அப்புறம், ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் விழுங்காதீர்கள். பூஞ்சையை அடக்கிவைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். ஒரே வருடத்தில் 3 முறை வந்துவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.