தீக்காயம் பட்டவருக்குத் தொடை இடுக்கில் குழாய் போடுவது ஏன்?

கேட்டவருடைய அம்மாவுக்கு அடுப்படியில் சேலை முந்தானை பற்றிக்கொண்டதாம். வலது கவட்டில், அதாவது தொடை இடுக்கில், சிரைக்குள் மருந்துநீர் ஏற்றும் குழாய் போட்டிருக்கிறார்கள். "வேறு இடமே கிடைக்கவில்லையா, கால் விளங்காமல் போய்விடுமா?" என்று கேட்கிறார். நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு தீக்காய வார்டில் 14 வருடங்களாக நர்ஸ்.

அந்தக் குழாயால் கால் விளங்காமல் போவதில்லை. வேறு இடம் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். முந்தானையில் பிடித்த தீ மார்பு, கழுத்து, தாடை என்று மேலே ஏறும். அணைக்கப் போன கைகளையும் சேர்த்துச் சுட்டுவிடும். தப்பிப்பது பல நேரம் தொடை இடுக்கு மட்டும்தான்.

உடன்குடிப் பக்கத்து விடிலியில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். கொதிக்கும் பதநீர்ப் பாகு வெந்நீரைப் போல் வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். இரண்டு கைகளும் கழுத்தும் மார்பும் வெந்திருந்தன. வழியில் யாரோ பேனா மை வேறு ஊற்றிவிட்டார்கள். (ஊற்றாதீர்கள். காயத்தின் ஆழமே தெரியாமல் போகிறது.) எடை 50 கிலோ, உடம்பில் 30 சதவீதம் காயம். தீக்காயத்துக்கு எவ்வளவு நீர் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி 4 × எடை × காயத்தின் சதவீதம்: 4 × 50 × 30, அதாவது முதல் 24 மணி நேரத்துக்கு 6000 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர். அரை லிட்டர் பாட்டிலில் பன்னிரண்டு. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் காயம் பட்ட நிமிடத்திலிருந்து எண்ணப்படுவது. அவர்கள் வந்து சேரவே மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கைகளோ வீங்கி, நரம்பே தட்டுப்படவில்லை.

டாக்டர் கவட்டில் இரண்டு விரல் வைத்துத் துடிப்பைப் பிடித்தார். துடிப்பது தமனி, அதை ஒட்டி உட்பக்கம் இருப்பது சிரை. குழாய் போவது சிரைக்குள்தான். ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் குழாய். ஸ்கேன் கருவி இருந்தால் பார்த்துக்கொண்டே போடலாம். கழுத்திலும் காறை எலும்பின் அடியிலும் போடும்போது நுரையீரலில் குத்திவிடும் ஆபத்து உண்டு. இங்கே அது இல்லை. ரத்தம் கசிந்தாலும் கையால் அழுத்தி நிறுத்திவிடலாம்.

ஆனாலும் பெரியவர்களுக்கு முடிந்தவரை தொடையைத் தவிர்க்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலமும் சிறுநீரும் பக்கத்திலேயே, கிருமி ஏறும். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். தீக்காயக்காரர்களின் ரத்தம் இயல்பிலேயே சீக்கிரம் உறையும். ஆனால் கழுத்துத் தோலே வெந்து கிடக்கும்போது, புண்ணின் வழியே குத்துவதைவிடப் புண்ணுக்குத் தள்ளி நல்ல தோலில் குத்துவது மேல்.

என் அனுபவத்தில் அந்த இடத்தின் பெரிய ஆபத்து கூச்சம். கழுத்துக் குழாயை வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். கவட்டுக் குழாயைப் போர்வையால் மூடிவிடுவார்கள். அந்த அக்காவுக்கு மூன்றாம் நாள் சிறுநீர் கசிந்து கட்டு நனைந்திருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை. கூட இருந்த மதினியும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். காலை டியூட்டியில் இருந்த நானும் ஆண்கள் நிற்கிறார்களே என்று துணியை விலக்கிப் பார்க்காமல் போனேன். இரவு குளிர் நடுக்கத்தோடு 103 டிகிரி காய்ச்சல். குழாயை எடுத்துவிட்டு, ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) அனுப்பி, மறு பக்கம் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஆண்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டுத்தான் என் ரவுண்டு தொடங்கும்.

ஆகவே அம்மாவிடம் நேராகக் கேளுங்கள்: ஈரமாக இருக்கிறதா? மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார் என்றால் உங்கள் சித்தியையோ அக்காவையோ கேட்கச் சொல்லுங்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னோக்கித் துடையுங்கள். கட்டு நனைந்தால் நீங்கள் பிரிக்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள், நடு இரவானாலும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, பாட்டில் மாற்றியதும் நடுங்கினாலோ உடனே சொல்லுங்கள். இடுப்பை மடக்கி உட்கார வைத்தால் சொட்டு நின்றுவிடலாம்.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை எப்போது எடுப்பீர்கள்?" தீக்காய வார்டுகள் பலவற்றில் சில நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவார்கள். கை வீக்கம் வடிந்து நரம்பு தெரிந்தால் கவட்டுக் குழாய்க்கு வேலையே இல்லாமலும் போகலாம். எடுக்கும்போது தையலைப் பிரித்து உருவி, சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். குத்தும்போது இருந்த வலி அப்போது இருக்காது.