ஏழு நாளில் மூன்று ஊர்: ஜப்பான் திட்டத்தில் எதை வெட்டலாம்?

வணக்கம். ஏழே நாளில் டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா பார்த்துவிட்டு, மறுபடி டோக்கியோ வந்து விமானம் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே 8, 4 வயதுப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. முதலில் அந்தத் திரும்பும் பயணத்தை வெட்டுங்கள். டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் போடுங்கள். ஹிரோஷிமாவை விடுவதற்கு மனசு கேட்காதுதான், ஆனாலும் விடுங்கள்.

அப்படிச் செய்தால், குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் எத்தனை முறையும் போக உதவும் ‘ஜேஆர் பாஸ்’ தேவையே இல்லை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஒருவழிக்குச் சுமார் 14,000 யென்தான். 8 வயதுப் பிள்ளைக்குப் பாதி, 4 வயதுப் பிள்ளை மடியில் உட்கார்ந்தால் இலவசம்.

பலரும் மாட்டிக்கொள்வது பெட்டியில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 செ.மீ. தாண்டினால் அந்த ரயிலில் பெரிய பெட்டிக்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. பதியாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். இதைவிட நல்ல வழி, ‘டக்யூபின்’ என்னும் பெட்டி அனுப்பும் சேவை. காலையில் ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் பொதுவாக மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும். ஒரு இரவுக்கான துணியும் அம்மாவின் மாத்திரைகளும் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் காலை 7 மணிக்கே போங்கள்; இரவு பகல் திறந்திருக்கும். மலை உச்சிவரை படிகள்தான். அம்மாவோடு சிவப்புத் தோரண வாயில்களின் முதல் வரிசைவரை போய்த் திரும்பினாலே போதும்.