அப்பாவுக்குப் பிரஷர்: உப்பு குழம்பில் மட்டும் இல்லை

சகோதரி, குழம்பில் உப்பைப் பாதியாக்கியும் அப்பாவுக்குப் பிரஷர் இறங்கவில்லை என்கிறீர்கள். தயிர்சாதத்துக்கு மாவடு, மதியம் இரண்டு அப்பளம், மாலையில் மிக்சர் என்றும் எழுதியிருக்கிறீர்களே, உப்பு அங்கேதான் இருக்கிறது. உப்பில் பிரஷரை ஏற்றுவது சோடியம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேரும், அதிலும் சோடியம்தான். சுட்டுக் கொடுத்தால் எண்ணெய் குறையும், சோடியம் குறையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராம் உப்புக்குள், எல்லாம் சேர்த்தே ஒரு டீஸ்பூன்தான்.

முதலில் மாவடுவை நிறுத்துங்கள். எலுமிச்சை, மிளகு, சீரகம் தூக்கலாகப் போடுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், என் அம்மாவுக்குப் பழகியது. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தாலோ ஆபத்து.