மகள் இம்யூனாலஜி படிக்கிறேன் என்கிறாள், பேங்க் பரீட்சைக்கு அனுப்பட்டுமா?

சார், உங்கள் மெயிலைப் படித்தேன். மகள் மைக்ரோபயாலஜி கடைசி வருஷம், மேலே இம்யூனாலஜிதான் (உடம்பின் நோய் எதிர்ப்பு பற்றிய படிப்பு) என்று பிடிவாதம், நீங்களோ பேங்க் கோச்சிங்கில் சேர்த்துவிடப் பார்க்கிறீர்கள். ‘வயித்துக் கிருமியை ஆராய்ஞ்சு யாருக்கு என்ன லாபம்’ என்று கேட்டிருக்கிறீர்களே, முதலில் அதற்கே வருகிறேன்.

அவள் சொல்லும் கிருமி ஹெலிகோபாக்டர் பைலோரி. உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இருக்கிறது; பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, சிலருக்கு அல்சர், வெகு சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். டென்ஷனும் அமிலமும்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. (உங்கள் மகளுக்கு அந்த அவசியம் வராது, பயப்படாதீர்கள்.)

இன்றைய புதிர் வேறு. கொலம்பியாவில் துமாக்கோ என்று ஒரு கடலோர ஊர், துக்கெரெஸ் என்று ஆண்டிஸ் மலையில் ஓர் ஊர். இரண்டிலும் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி உண்டு, ஆனால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் மலை ஊரில் சுமார் 25 மடங்கு அதிகம். ஏன்? கடலோரக் குழந்தைகளுக்குக் குடற்புழு அதிகம். புழுவைச் சமாளிக்கும் பாணிக்கு உடம்பு பழகிவிட்டால், இந்தக் கிருமிமேல் காட்டும் கோபமும், அதாவது அழற்சியும், தணிந்துவிடும் என்பது ஒரு விளக்கம். கடலோரக் குழந்தைகளின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) மலைப்பகுதிக் குழந்தைகளைவிட அதிகம்; ஐஜிஜி1 அந்தப் புழுப் பாணியின் அடையாளம் என்பதால் இது அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. மனிதரின் பூர்வீகமும் கிருமியின் பூர்வீகமும் பொருந்தாத இடத்தில்தான் சேதம் அதிகம் என்பது 2014-ல் வந்த இன்னொரு விளக்கம். அவ்வளவு தூரம் போவானேன், மலேசியாவில் இந்தியர்களிடம், அதாவது பெரும்பாலும் நம் தமிழர்களிடம், இந்தக் கிருமி அதிகம். இரைப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதோ சீனர்களுக்கு.

இதையெல்லாம் ஒரு டாக்டர் தனியாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனைக்கான 96 குழித் தட்டில் மைக்ரோலிட்டர் கணக்கில் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) விட்டு, எந்தக் குழி எவ்வளவு மஞ்சளாகிறது என்று அளக்க ஓர் ஆள் வேண்டும். அந்த எண்களைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான், அதனால் ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளை இப்போதே தொடச் சொல்லுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. மட்டும் முடித்தால் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், சம்பளமும் சுமார்தான். ஆராய்ச்சி என்றால் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும், மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும், பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகும். நடுவில் கல்யாணப் பேச்சை எடுப்பீர்கள், அதை இப்போதே அவளிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி.யை எங்கே படிக்கிறாள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஜாம், கேட்-பி (GAT-B), சியூஇடி என்ற மூன்று நுழைவுத் தேர்வுகளையும் எழுதட்டும். லீவில் வேலூர் சிஎம்சி மாதிரி இடத்திலோ சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நிறுவனங்களிலோ ப்ராஜெக்ட் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கட்டும், லேப் வேலை ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பேங்க் கிளார்க் பரீட்சை 28 வயது வரை இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் வரும், அதை விட்டுவிட வேண்டாம்.