தெனோச்சித்லான் வீழ்ந்த தேதி: ஆகஸ்ட் 13ஆ, 23ஆ?

ஆஸ்டெக் தலைநகர் தெனோச்சித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்த தேதி பாடநூலில் ஆகஸ்ட் 13, மென்பொருளில் 23 என்று இருக்கிறதே, எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். காலக்கோட்டில் 13 என்றே போடுங்கள். உங்கள் பாடநூலில் உள்ள 13.8.1521ம் மென்பொருள் காட்டும் 23ம் ஒரே நாள்தான்: ஆஸ்டெக்குகளின் கடைசி அரசர் குவாவ்தெமோக் பிடிபட்ட நாள்.

பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதியை மென்பொருள் இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு மாற்றியிருக்கும். அந்தக் காலத்தில் வித்தியாசம் 10 நாள். ஸ்பெயின் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியதே 1582 அக்டோபரில்தான். அதனால் நகரைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் காலத்து ஆவணங்கள் எல்லாமே ஜூலியன் தேதிதான்.

கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம். அன்று செவ்வாய்க்கிழமை, புனித இப்போலித்து திருநாள். மென்பொருளில் 13.8.1521ஐத் தட்டுங்கள். சனி என்று வந்தால் அது கிரிகோரியனை அப்படியே பின்னோக்கி நீட்டுகிறது. செவ்வாய் வந்தால் ஜூலியன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் 10ஐக் கூட்டிவிடாதீர்கள். 1500 பிப்ரவரிக்கு முந்தையவற்றுக்கு 9 நாள்தான். கொலம்பஸ் கரையிறங்கிய 12.10.1492 மாற்றினால் அக்டோபர் 21 ஆகும். 'சோக இரவு' (ஸ்பானியர் தெனோச்சித்லானை விட்டுத் தப்பியோடிய இரவு) வேறு சிக்கல். சில நூல்களில் 1520 ஜூன் 30, சிலவற்றில் ஜூலை 1 என்றிருக்கும். நள்ளிரவைத் தாண்டி நடந்த தப்பியோட்டம் அது. நாட்காட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.